கூலி கேளாத கைகள் எழுப்பிய மேடை
சிங்கப்பூர் சமூக நாடகமும் தொண்டூழியர்களும்

சிங்கப்பூரில் கலை வளர்ச்சி எப்போது தொடங்கியது என்று கேட்டால், இன்றைய இளையர்களில் பலர் எஸ்பிளனேட் கலை அரங்கத்தைச் சுட்டிக்காட்டுவார்கள். 2002ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அது திறக்கப்பட்டது. சற்று மூத்தவர்கள் 1991ஆம் ஆண்டில் தேசியக் கலைகள் மன்றம் அமைக்கப்பட்டதைக் குறிப்பிடுவார்கள். இரண்டுமே முக்கியமான நிகழ்வுகள்தாம். ஆனால் அரங்கமும் மன்றமும் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்நகரில் மேடைகள் இருந்தன. அவற்றில் நாடகங்கள் நடந்தன. பார்க்க மக்கள் திரண்டார்கள். நடித்தவர், திரை இழுத்தவர், ஒப்பனை செய்தவர், நாற்காலி அடுக்கியவர் ஆகியோரில் பெரும்பாலோருக்குச் சம்பளம் கிடையாது.

அப்படியானால் அந்த மேடைகளை நடத்தியவர்கள் யார்? எதற்காக நடத்தினார்கள்? வாடகையும் சம்பளமும் உயர்ந்துவிட்ட இன்றைய சிங்கப்பூரில் அந்தத் தொண்டூழியத்துக்கு இன்னும் இடம் இருக்கிறதா?

கடை அடைத்த பிறகு கலை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கே இருவகை நாடகங்கள் இருந்தன. ஒன்று தொழில்முறை நாடகம். பினாங்கில் உருவாகி மலாயா முழுவதும் பரவிய பங்சவான் குழுக்கள், சீன நாட்டிலிருந்து வந்த இசை நாடகக் குழுக்கள், தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நாடகக் கம்பெனிகள் எல்லாம் இவ்வகையைச் சேர்ந்தவை. நுழைவுச்சீட்டு விற்றால்தான் அவர்களுக்குச் சாப்பாடு.

மற்றொன்று பகலில் வேறு வேலை பார்த்தவர்கள் இரவில் கூடி நடத்திய நாடகம். 1912ஆம் ஆண்டு தியோச்சியூ மக்கள் தொடங்கிய எர் வூ இசை நாடகச் சங்கம் இதற்கு நல்ல சான்று. 1931ஆம் ஆண்டில் தாவ் யோங், 1941ஆம் ஆண்டில் சியோங் லெங் எனச் சங்கங்கள் தொடர்ந்து தோன்றின. இவற்றில் சேர்ந்தவர்கள் கலையை விற்கவில்லை. தங்கள் வட்டார மொழியையும் இசையையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போக விரும்பினார்கள். பேரிடர் நிவாரணம், பள்ளிக்கூடம், மருத்துவ உதவி என்று எதற்குப் பணம் தேவைப்பட்டாலும் ஒரு நாடகம் போட்டு வசூலித்துக் கொடுத்தார்கள்.

1937ஆம் ஆண்டு ஜப்பான் சீனாமீது முழுப் போர் தொடுத்தபோது இந்தப் பழக்கம் பேரியக்கமாக மாறியது. டான் கா கீ தலைமையில் சீன நிவாரண நிதி திரட்டப்பட்டது. மாணவர்களும் தொழிலாளர்களும் தெருவிலும் திடலிலும் நாடகம் நடத்தி உண்டியல் ஏந்தினார்கள். மேடை என்பது பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதல்ல, பொதுக் காரியத்துக்கும் உரியது என்ற எண்ணம் இந்நகரில் அப்போது ஆழமாக வேரூன்றியது.

தமிழர் மேடை

போருக்குப் பின் இந்தியச் சமூகத்திலும் இதே உணர்வு எழுந்தது. 1949ஆம் ஆண்டு சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் தொடங்கப்பட்டது. கலையில் ஆர்வம் கொண்டவர்கள் லாப நோக்கமின்றி அமைத்த கழகம் அது. 1952ஆம் ஆண்டு கே. பி. பாஸ்கர் தம் நடனப் பள்ளியைத் தொடங்கினார். அவருடைய துணைவியார் சாந்தா பாஸ்கர், சீனக் காதல் கதை ஒன்றை 1958ஆம் ஆண்டிலேயே பரதநாட்டியமாக அமைத்தார். பல இனங்கள் வாழும் நகரில் கலை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அது அப்போதே கிடைத்த விடை.

தமிழ் நாடகத்துக்குப் பெரிய ஊக்கம் தந்தது தமிழர் திருநாள். தமிழ் முரசு நாளிதழை நிறுவிய கோ. சாரங்கபாணி முன்னின்று 1952ஆம் ஆண்டில் இவ்விழாவைத் தொடங்கினார். சாதி, சமய வேறுபாடு பாராமல் தமிழர்கள் ஒன்றுகூட ஒரு நாள் வேண்டும் என்பது அதன் நோக்கம். பேச்சு, பாட்டு, நாடகம் ஆகியவை விழாவின் உயிர்நாடியாக இருந்தன. சீர்திருத்தக் கருத்துகளைச் சொல்ல மேடை நாடகத்தைவிட நல்ல கருவி அன்று இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கும் வசனம் புரியும் அல்லவா?

இந்த நாடகங்களில் நடித்தவர்கள் துறைமுகத்திலும், நகராட்சியிலும், கடைகளிலும், பள்ளிகளிலும் வேலை பார்த்தவர்கள். வேலை முடிந்து குளித்துவிட்டு ஒத்திகைக்கு வருவார்கள். பெண்கள் மேடையேறத் தயங்கிய காலத்தில் ஆண்களே பெண் வேடம் கட்டினார்கள். புடவையும் நகையும் வீட்டிலிருந்து இரவல் வரும். செலவுக்குக் கடைக்காரர்களிடம் நன்கொடைச் சீட்டு நீட்டுவார்கள். பற்றாக்குறை ஏற்பட்டால் தங்கள் சம்பளத்திலிருந்து போடுவார்கள்.

செம்பவாங் கடற்படைத் தளத்திலும் இதே நிலைதான். அங்கே வேலை பார்த்த மலையாளிகள் 1954ஆம் ஆண்டு ஒரு நூலகத்தை நிறுவினார்கள். நூல் இரவல் கொடுப்பதோடு நிற்காமல் மலையாள நாடகங்களையும் அது மேடையேற்றியது. 1971ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் படைகள் வெளியேறியபோது தளத்தை நம்பியிருந்த குடும்பங்கள் கலைந்தன. குடியிருப்பு கலைந்தால் ஒத்திகைக் கூடமும் கலைந்துவிடும். சமூக நாடகத்துக்கு வேண்டிய முதல் பொருள் பணம் அன்று. பக்கத்தில் வாழும் மனிதர்கள்.

ஒரு செங்கல், ஒரு வெள்ளி

1959ஆம் ஆண்டு சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது. யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழரான எஸ். ராஜரத்தினம் கலாசார அமைச்சரானார். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் பூமலையில் ‘அனேகா ராகம் ராக்யாட்’ என்ற மக்கள் கலை நிகழ்ச்சி தொடங்கியது. மலாய், சீன, இந்தியக் கலைகள் ஒரே மேடையில் வந்தன. ஓர் இனத்தார் மற்ற இனத்தாரின் கலையை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு அதனால் கிடைத்தது.

அடுத்து வந்தது தேசிய அரங்கம். ஃபோர்ட் கென்னிங் குன்றின் சரிவில் அதைக் கட்ட மக்களிடம் நன்கொடை கேட்கப்பட்டது. ‘ஒரு செங்கல், ஒரு வெள்ளி’ என்பதே அந்த நிதித் திரட்டின் பெயர். ஒரு வெள்ளி கொடுத்தவரும் அந்த அரங்கத்தில் ஒரு செங்கல்லுக்குச் சொந்தக்காரர் என்பது அதன் பொருள். அன்றைய கூலித் தொழிலாளிக்கு ஒரு வெள்ளி சிறு தொகையன்று. 1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் தேதி, தென்கிழக்காசிய கலாசார விழாவுடன் அரங்கம் திறக்கப்பட்டது. 3,420 இருக்கைகள். பக்கச் சுவர்கள் கிடையாது. முகப்பில் சிங்கப்பூர்க் கொடியின் ஐந்து நட்சத்திரங்களைக் குறிக்கும் ஐந்து கூர்முனைகள்.

அந்த அரங்கம் இன்று இல்லை. கட்டட அமைப்பில் பாதுகாப்புக் குறை கண்டறியப்பட்டது. அருகே விரைவுச்சாலைச் சுரங்கப்பாதையும் வரவேண்டியிருந்தது. 1986ஆம் ஆண்டில் அது இடிக்கப்பட்டது. செங்கல்லுக்கு ஒரு வெள்ளி கொடுத்த தலைமுறைக்கு நினைவு மட்டும் எஞ்சியது. ஆனாலும் அந்த நிதித் திரட்டு ஓர் உண்மையை நிலைநாட்டியது. மக்கள் கொடுத்தால் அரங்கம் எழும். தாம் கொடுத்து எழுப்பியதை மக்கள் தமதாகவே நினைப்பார்கள்.

பூனையைத் தேடிய இருவர்

சிங்கப்பூர் நாடக வரலாற்றில் கோ பாவ் குன் பெயரைத் தவிர்க்க முடியாது. அவரும் அவருடைய துணைவியாரும் 1965ஆம் ஆண்டில் ஒரு நாடக, நடனப் பள்ளியைத் தொடங்கினார்கள். எழுபதுகளில் அவருடைய மாணவர்கள் விவசாயிகள், மீனவர்கள், தொழிலாளர்கள் மத்தியில் தங்கி, அவர்களோடு வேலை செய்து, அந்த வாழ்க்கையை நாடகமாக்கினார்கள். 1976ஆம் ஆண்டு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அவர் கைது செய்யப்பட்டார். நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகத் தடுப்புக் காவலில் இருந்தார். குடியுரிமையும் பறிக்கப்பட்டது.

1980ஆம் ஆண்டில் விடுதலையான அவர் கசப்போடு ஒதுங்கிவிடவில்லை. 1988ஆம் ஆண்டில் அவர் உருவாக்கிய ‘அம்மா தன் பூனையைத் தேடுகிறாள்’ என்ற நாடகத்தில் ஹொக்கியென், தியோச்சியூ, கேண்டனீஸ், மாண்டரின், மலாய், தமிழ், ஆங்கிலம் என ஏழு மொழிகள் ஒலித்தன. அதில் ஒரு காட்சி. பூனையைத் தொலைத்த சீனத் தாய் ஒருத்தியும் பூனையைத் தேடும் தமிழ் முதியவர் ஒருவரும் சந்திக்கிறார்கள். இவர் பேச்சு அவருக்குப் புரியாது. அவர் பேச்சு இவருக்குப் புரியாது. சைகையாலேயே ஒருவர் துயரத்தை மற்றவர் அறிந்துகொள்கிறார்கள். பெற்ற பிள்ளைகளுக்குப் புரியாத தாய்மனம், மொழி தெரியாத அந்நியருக்குப் புரிகிறது! மொழி வாரியாகப் பிரிந்திருந்த நாடக உலகம் ஒரே மேடைக்கு வந்ததில் அந்நாடகத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆர்மீனியன் ஸ்திரீட்டில் பயன்படாமல் கிடந்த துணை மின்நிலையத்தைக் கலைகளுக்கான வீடாக மாற்றியதும் அவர் யோசனைதான். ‘சப்ஸ்டேஷன்’ என்ற அந்த நிலையம் 1990ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்டது. பெயர் பெற்றவர்களுக்கும் புதியவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. அவருக்குக் கலாசாரப் பதக்கமும் வழங்கப்பட்டது. அப்போதும் அவருக்குக் குடியுரிமை இல்லை. 1992ஆம் ஆண்டில்தான் அது திரும்பக் கிடைத்தது. 2002ஆம் ஆண்டில் அவர் காலமானார். சப்ஸ்டேஷனும் 2021ஆம் ஆண்டு ஜூலையில் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறியது.

மானியம் வந்தபின்

எண்பதுகளின் இறுதியிலிருந்து நிலைமை மாறத் தொடங்கியது. 1985ஆம் ஆண்டில் தெலுக் ஆயர் கலை நிலையம் திறக்கப்பட்டபின், பழைய கட்டடங்கள் குறைந்த வாடகையில் கலைக் குழுக்களுக்குக் கிடைத்தன. 1991ஆம் ஆண்டு முதல் தேசியக் கலைகள் மன்றம் மானியம் வழங்கியது. 1984ஆம் ஆண்டிலேயே எஸ். வரதன் தமிழ் நாடகத்துக்காகக் கலாசாரப் பதக்கம் பெற்றிருந்தார். 1988ஆம் ஆண்டில் ரவீந்திரன் நாடகக் குழு, 1991ஆம் ஆண்டில் இளங்கோவனின் அக்னிக் கூத்து எனப் புதிய தமிழ்க் குழுக்கள் தோன்றின.

மானியம் வந்ததும் கணக்கு, அறிக்கை, ஒப்பந்தம் எல்லாம் வந்தன. நடிகருக்கு ஊதியம் கிடைத்தது. ஒலி, ஒளி அமைப்பதற்குப் பயிற்சி பெற்றவர்கள் வந்தார்கள். தரம் உயர்ந்தது. இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நாற்காலி அடுக்கிய அண்ணனும் புடவை இரவல் கொடுத்த அக்காவும் மெல்ல மெல்லப் பார்வையாளர்களாக மட்டும் ஆனார்கள்.

தொண்டூழியம் அடியோடு மறைந்துவிடவில்லை. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை மாணவர்கள் ‘சங்கே முழங்கு’ மேடை நிகழ்ச்சியைத் தாங்களே எழுதி, நடித்து, நுழைவுச்சீட்டும் விற்று நடத்திவந்திருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டில் த நெசசரி ஸ்டேஜ் நாடகக் குழு மூத்தோருக்கான நாடகப் பயிற்சியைத் தொடங்கியது. ஓய்வு பெற்றவர்கள் பலர் வாழ்வில் முதன்முறையாக மேடையேறினார்கள். 2015ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் மின்வடிவம் பெற்றன. தொடர்ந்து தமிழ் நாடகம், இசை, நடனம் ஆகியவற்றின் ஆவணங்களும் தேசிய நூலக வாரியத்தின் துணையோடு மின்னிலக்கமாயின. அட்டைப்பெட்டிகளில் கிடந்த கையெழுத்துப் பிரதிகளையும் புகைப்படங்களையும் அழைப்பிதழ்களையும் தேடித் திரட்டிய உழைப்பில் தொண்டூழியர்களின் பங்கு பெரிது.

தொண்டா, கூலியில்லா வேலையா?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நடிப்பையும் மேடை நிர்வாகத்தையும் தொழிலாகக் கொண்டு வாழ முயலும் இளையர்கள் இருக்கும்போது, ஓர் அமைப்பு தொண்டூழியரைக் கொண்டு வேலையை முடித்துக்கொள்வது நியாயமா?

நியாயமான கேள்விதான். வரலாறே அதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. பழைய சங்கங்களில் யாருமே கூலி வாங்கவில்லை. ஆகவே யாரும் ஏமாற்றப்படவில்லை. நிகழ்ச்சியில் ஒருவருக்குப் பணமும் மற்றவருக்கு நன்றியுரையும் மட்டும் கிடைக்கும்போதுதான் மனக்குறை பிறக்கிறது. எனவே பிழைப்புக்காகச் செய்பவருக்கு ஊதியம் தரப்பட வேண்டும். தொண்டூழியரோ தாம் கற்கவும், பழகவும், தம் சமூகத்துக்குக் கொடுக்கவும் வருபவர். அவரை மலிவான ஆளாக நடத்தக்கூடாது. அவருக்குப் பயிற்சி வேண்டும். குழுவின் முடிவுகளில் குரல் வேண்டும். நிகழ்ச்சிக் கையேட்டில் பெயர் வேண்டும்.

தமிழ் நாடகத்துக்கு இது மேலும் முக்கியம். சிங்கப்பூர் மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏறத்தாழ 9 விழுக்காடு. அவர்களிலும் தமிழ் நாடகம் பார்க்க வருவோர் ஒரு பகுதியினர்தாம். நுழைவுச்சீட்டு வருமானத்தில் மட்டும் ஒரு குழு நிற்க முடியாது. மானியம் ஓராண்டு கூடும், ஓராண்டு குறையும். தொண்டூழியராக ஒருமுறை மேடைக்குப் பின்னால் நின்றவரோ ஆயுளுக்கும் பார்வையாளராக இருப்பார்; பிள்ளைகளையும் அழைத்து வருவார். வீட்டில் தமிழ் பேசுவது குறைந்துவரும் காலத்தில், ஓர் இளையர் மூன்று மாதம் வசனம் கேட்டு, வசனம் பேசி, நண்பர்களோடு தமிழில் வாதிடும் இடம் ஒத்திகைக் கூடம். வகுப்பறையில் தேர்வுக்காகப் படித்த மொழி அங்கே வாழும் மொழியாகிறது.

தேசிய அரங்கம் போய்விட்டது. கடற்படைத் தளத்துக் குடியிருப்புகள் போய்விட்டன. அங்கெல்லாம் நாடகம் போட்டவர்களில் பலரும் மறைந்துவிட்டார்கள். கட்டடங்களைவிட நீண்ட நாள் நின்றது, வேலை முடிந்து களைப்போடு வந்தும் ஒத்திகையைத் தவறவிடாத பழக்கம்தான். வார இறுதியில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு அந்தப் பழக்கத்தில் இன்றும் இடம் இருக்கிறது. நடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. திரை இழுக்கவும் ஆள் வேண்டும்.