கழுத்து மறவாத கதிர்

குழந்தைக்கு வந்த புற்றுநோய் தீர்ந்துவிட்டது என்று மருத்துவர் கூறும் நாளில் பெற்றோரின் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நம்மவர் பலர் பத்துமலைக்குப் பால்குடம் எடுத்து நேர்த்திக்கடன் செலுத்துவர். அத்துடன் அந்நோயின் கதை முடிந்தது என அவர்கள் கருதுவதும் இயல்பே. ஆயினும் அக்கதையின் ஒரு பகுதி, குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த சிறு சுரப்பி ஒன்றில் பல்லாண்டுகள் தொடரக்கூடும். முன்னொரு காலத்தில் என் வகுப்பில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தியின் பொருட்டே அப்பகுதியின் வரலாற்றை நான் தேடிப் படித்தேன்.

அச்சுரப்பியின் பெயர் தைராய்டு. கிரேக்க மொழியில் கேடயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தமையால் நம் அறிவியல் நூலோர் இதனைக் கேடயச் சுரப்பி என்றும் வழங்குவர். ஆனால் கதிர்வீச்சின் முன் இக்கேடயம் தன்னையே காத்துக்கொள்ள இயலாதது. குழந்தைகளிடத்தில் இதன் உயிரணுக்கள் விரைந்து பெருகுவதால், கதிர் விளைக்கும் காயம் அவற்றில் ஆழப் பதிந்துவிடுகிறது.

1895 நவம்பர் 8ஆம் நாள் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். சில ஆண்டுகளுக்குள்ளாகவே அது மருந்தாகவும் கையாளப்பட்டது. அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று நின்று நோக்கத்தக்கது. உறக்கத்தில் திடீரென இறந்த குழந்தைகளின் உடலை அறுத்துப் பார்த்த மருத்துவர்கள், நெஞ்செலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பி பெரிதாக இருக்கக் கண்டனர். அதுவே இறப்புக்குக் காரணம் என்ற கொள்கையை 1889இல் வியன்னாவின் பால்டாஃப் வெளியிட்டார். உண்மையில் அச்சுரப்பிகள் பெரியவை அல்ல. இயல்பான அளவே உடையவை. அதுகாறும் மருத்துவர்கள் அறுத்துக் கற்ற உடல்களிற் பெரும்பாலானவை ஏழைகளின் உடல்கள். பசியாலும் நெடுநோயாலும் அவர்களின் தைமஸ் சுருங்கிப் போயிருந்தது. வறுமை சுருக்கிய உறுப்பை அளவுகோலாகக் கொண்டமையால், நலமுள்ள குழந்தையின் உறுப்பு நோயுற்றதாகத் தோன்றிற்று! 1907இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஃபிரீட்லாண்டர் என்பார் இல்லாத இந்நோய்க்குக் கதிர் கொடுக்கத் தொடங்கினார். பின்னர் ஆயிரக்கணக்கான குழந்தைகள் அவ்வாறே கதிருக்கு ஆளாயினர். தைமசுக்குக் கொடுத்த கதிர் அதன் மேலே கிடந்த தைராய்டையும் தொட்டது.

1950இல் நியூயார்க் நகரின் டஃபி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் இருவர், தைராய்டுப் புற்றுநோய் கண்ட 28 இளையோரின் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தனர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கைக்குழந்தைப் பருவத்தில் தைமசுக்குக் கதிர் பெற்றவர்கள். இஸ்ரேலில் தலைப்படைக்காகக் கதிர் பெற்ற பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சிறாரை ஆராய்ந்த மோடனும் அவர் குழுவினரும் 1974இல் இதனையொத்த முடிவையே வெளியிட்டனர். இவை யாவும் பழைய பதிவேடுகள் அழியாது இருந்தமையால் வெளிப்பட்ட உண்மைகள் என்பதை வரலாறு பயிலும் மாணவர் மனங்கொள்ள வேண்டும்.

புற்றுநோய்க்குக் கொடுத்த கதிரின் கதை வேறு. அங்கே நோய் மெய்யானது. கதிர் இல்லையேல் பல குழந்தைகள் பிழைத்திரார். நம் தமிழகத்தில் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளுடன் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையம், 1957இல் கோபால்ட் கதிர்க்கருவியை நிறுவியது. 1960இல் குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவும் கண்டது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஹென்றி கப்லன் 1956 முதல் நேர்கோட்டு முடுக்கியைக் கையாண்டு, ஹாட்ஜ்கின் எனப்படும் நிணநீர்ப் புற்றுநோயைத் தீர்க்கும் நோயாக்க வழிகண்டார். கழுத்து, அக்குள், மார்பு ஆகியவற்றின் நிணநீர்க் கணுக்கள் அனைத்தையும் தழுவி அக்கதிர் பாய்ச்சப்பட்டது. தைராய்டு அதன் நடுவிலேயே இருந்தது.

பிழைத்தவர்கள் நெடுநாள் வாழ்ந்தமையாலன்றோ பின்விளைவும் தெரியவந்தது! ஸ்டான்ஃபோர்டில் மருத்துவம் பெற்ற 1,787 பேரை ஆராய்ந்து 1991இல் வெளிவந்த கட்டுரை, 20 ஆண்டுகளுக்குள் அவர்களிற் பாதிப்பேருக்குத் தைராய்டுக் கோளாறு ஏதேனும் ஒன்று வந்துவிடும் எனக் கணக்கிட்டது. சிறுவயதில் ஹாட்ஜ்கின் நோய் கண்டு பிழைத்த 1,791 பேரைப் பற்றி 2000இல் வந்த மற்றோர் ஆய்வில் 34 விழுக்காட்டினருக்குக் கோளாறு இருந்தது; பெரும்பாலும் அது சுரப்புக் குறைவு. கட்டிகளும் புற்றும் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தும் தோன்றலாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. மூளைக்கு மிகுந்த கதிர் கொடுக்கப்பட்டால், தைராய்டை ஏவும் பிட்யூட்டரிச் சுரப்பியே தளர்ந்துபோகலாம். அந்நிலையில் ஏவல் நீரை மட்டும் அளக்கும் குருதிச் சோதனை 'எல்லாம் நலம்' என்று பொய் கூறும். எனவே தைராக்சின் அளவையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

நம் நாட்டு மருத்துவர்கள் இவற்றை அறியாதவர் அல்லர். மலேசியாவும் சிங்கப்பூரும் இணைந்து 2003இல் தொடங்கிய குருதிப் புற்று மருத்துவத் திட்டம், உடலில் எஞ்சிய நோயணுக்களை அளந்து, தேவைப்படாத குழந்தைகளுக்கு மருத்துவத்தின் கடுமையைக் குறைத்தது. கோலாலம்பூர், மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஹனி அரிஃபினும் அவர் குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, சிறுவயதில் குருதிப் புற்றிலிருந்து பிழைத்த இளைஞர்களின் உடலில் முதுமையின் சாயல் முன்னரே படிவதைக் காட்டிற்று. மருத்துவத்தில் இல்லாத குறை நம் இல்லங்களில் இருக்கிறது என்பதே என் கருத்து.

1990களின் தொடக்கத்தில் கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு நான் பாடம் நடத்தினேன். அவ்வகுப்பில் இருந்த ஒரு பெண், எட்டு வயதில் கழுத்துக்குக் கதிர் பெற்று மீண்டவள். கூர்மையான பிள்ளை என்று முந்தைய ஆசிரியர்கள் சொல்லியிருந்தனர். என் வகுப்பிலோ அவள் எழுதிக்கொண்டிருக்கும்போதே கண்ணயர்வாள். மழை பெய்தால் நடுங்குவாள். மற்றப் பிள்ளைகள் வளர, அவள் வளரவில்லை. யு.பி.எஸ்.ஆர். தேர்வு நெருங்கிய வேளையில், எல்லார் முன்னிலையிலும் அவளைச் "சோம்பேறி" என்று கடிந்தேன். அவள் மறுமொழி கூறாது தலைகுனிந்து நின்றாள். சுரப்புக் குறைந்த குழந்தையின் அடையாளங்கள் அனைத்தும் என் கண்முன் நின்றன. எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

அதன்பின் பதினைந்து ஆண்டுகள் கழிந்து, பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் அவள்தான் என்னை அடையாளம் கண்டு, "வணக்கம் சார்" என்றாள். திருமணம் ஆகியிருந்தது. முதற்கரு கலைந்த பின்னரே குருதிச் சோதனை செய்து, தைராய்டு குன்றியிருப்பதைக் கண்டார்களாம். "சின்ன வயதில் ஏதாவது நோய் உண்டா?" என்று மருத்துவர் கேட்டபோது, கணவரும் மாமியாரும் அருகில் இருந்தமையால், "இல்லை" என்று கூறிவிட்டாளாம். பெண் பார்க்க வந்த நாளிலேயே அவ்வுண்மையை வாய்திறக்கக் கூடாது என்று வீட்டில் கட்டளை. மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைத்த செய்தி மருத்துவரிடமும் மறைந்துபோயிற்று. தைராக்சின் விலை உயர்ந்த மருந்தன்று. நாள்தோறும் காலையில் வெறும் வயிற்றில் உட்கொள்ளும் சிறு மாத்திரை. கரு உருவாகும் தொடக்க மாதங்களில் குழந்தையின் மூளை தாயின் சுரப்பையே நம்பியிருப்பதால், அதற்கு முன்னரே அளவைச் சரிசெய்ய வேண்டும்.

பின்னொரு நாள், அவள் தானே துணிந்து மருத்துவரிடம் உண்மையைச் சொன்னாள். எவ்வளவு கதிர், எத்தனை நாள் என்று அவர் கேட்டார். சிறுவயதில் பார்த்த மருத்துவமனைக்குச் சென்றாள். பழைய கோப்பு கிடைக்கவில்லை. முடிவில் அது அவள் தாயின் இரும்புப் பெட்டியில், திருமணப் பட்டுப்புடவையின் அடியில், நான்காக மடித்த பழுப்புத் தாளாக இருந்தது. கதிரின் அளவும் நாட்களும் நீல மையில் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. அவள் அதனை மூன்று படிகள் எடுத்தாள். ஒன்றை மருத்துவரிடமும் ஒன்றைக் கணவரிடமும் கொடுத்தாள்.