அதியமான் பெருவழி: காதக்கற்களும் ஒரு குலப்பெயரின் நீட்சியும்

பழங்காலத்தில் தகடூர் எனப்பட்ட தருமபுரி வட்டாரத்தில், காதம் என்ற பழைய அளவில் தொலைவைச் சொல்லும் இரண்டு காதக்கற்கள் கிடைத்தன. அவை இடைக்காலத் தமிழகத்தின் சாலைகளுக்கு நேரடிச் சான்றாக எஞ்சியிருக்கும் மிகச் சில கற்களுள் அடங்கும். இரண்டும் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இரண்டுமே சாலையை 'அதியமான் பெருவழி' என்று பெயர் சொல்லி அழைக்கின்றன. நாவற்றாவளம் 29 காதத்தில் இருப்பதாக ஒரு கல்லும், 27 காதத்தில் இருப்பதாக மற்றதும் தெரிவிக்கின்றன. வணிகச் சாத்துகள் தங்கிப் பண்டம் மாற்றிய இடமே தாவளம். ஆகவே இந்த வழி, படை நடந்த வழி என்பதைவிடச் சரக்கு நடந்த வழி என்று கொள்வதே பொருத்தம்.

கல்லின் அமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எழுத்தும் தமிழ் எண்ணும் பொறித்ததோடு கல்தச்சன் நிறுத்திக்கொள்ளவில்லை. 29 காதக் கல்லில் இரண்டு பெரிய குழிகளையும் ஒன்பது சிறிய குழிகளையும் குடைந்திருக்கிறான். பெரிய குழி பத்தைக் குறிக்கும், சிறியது ஒன்றை. எழுத்தறியாத பொதிமாட்டுக்காரரும் விரல் வைத்து எண்ணித் தொலைவை அறிந்துகொள்ளலாம். இருட்டிலும் தடவிப் பார்த்துச் சொல்லிவிடலாம். வழிப்போக்கர் எல்லோரையும் மனத்தில் கொண்டு செதுக்கிய கல் இது. அந்தக் கரிசனத்துக்காகவே இதைப் பெரிதாகப் பேச வேண்டும் என்பேன்.

இந்த வழக்கம் தகடூரோடு முடியவில்லை. சேலம் மாவட்டம் ஆறகழூரில் கிடைத்த மகதேசன் பெருவழிக் கல், காஞ்சிபுரத்துக்கு 16 காதம் என்கிறது. அதிலும் குழிகள் உண்டு. கோவையை அடுத்த சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் உள்ள இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு இன்னும் பழையது. தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலுமாக வெட்டப்பட்ட அந்தக் கல், பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கத்தாருக்கும் பொதுவாகப் பேசியது.

ஆறகழூர்க் கல் நமக்கு ஓர் அளவுகோலையும் தருகிறது. அங்கிருந்து காஞ்சிபுரம் இன்றைய சாலைக் கணக்கில் ஏறக்குறைய 200 கி.மீ. அதை 16ஆல் வகுத்தால் ஒரு காதம் 12 கி.மீ.க்குச் சற்று மேல் வரும். காதத்தின் அளவு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறியிருக்கலாம். ஆயினும் இதே கணக்கைத் தோராயமாகப் பொருத்தினால், 29 காதம் என்பது 300 கி.மீ.யைத் தாண்டிவிடும். பக்கத்துச் சந்தைக்குப் போய்த் திரும்பும் பாதைக்கு இவ்வளவு நீளம் வராது. தகடூரைத் தொலைதூர வணிகத்தோடு இணைத்த நெடுவழியின் நடுவே நட்ட கற்களாகவே இவற்றைக் கருத வேண்டும்.

நிலத்தின் கிடப்பும் இதற்கு ஒத்துவருகிறது. மைசூர் மேட்டுநிலத்திலிருந்து சேலத்துச் சமவெளிக்கு இறங்குவோருக்குத் தொப்பூர்க் கணவாய் இயல்பான வாயில். அதற்கு வடக்கே, தருமபுரிக்குச் சில கி.மீ. தெற்கில் அமைந்திருக்கிறது அதியமான்கோட்டை. இன்றும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்த ஊரைத் தொட்டுச் செல்கிறது. ஓசூர், இராயக்கோட்டை வழியாக வரும் 844ஆம் எண் சாலை இங்கேதான் வந்து சேர்கிறது.

இனிப் பெயருக்கு வருவோம். சங்ககால அதியமான் நெடுமான் அஞ்சி வெறும் புலவர் புகழ்ச்சியல்லன் என்பதை 1981இல் கண்டறியப்பட்ட ஜம்பைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உறுதி செய்தது. அசோகர் கல்வெட்டுகளில் வரும் 'சதியபுத்திரர்' யார் என்ற நெடுநாள் கேள்விக்கும், அவர்கள் அதியமான் குலத்தாரே என அது விடை தந்தது. ஆனால் பெருவழிக் கற்கள் அவன் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகப் பிந்தியவை. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் தகடூரை ஆண்ட பிற்கால அதியமான் விடுகாதழகிய பெருமாள், போளூர் அருகே திருமலையில், தன் குல முன்னோன் எழினி செய்வித்த யக்ஷ யக்ஷி உருவங்களைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டில் பதிந்துவைத்தான். பழைய எழினியின் வழியில் வந்தவன் தான் என்று ஊரறியச் சொல்லும் செயல் அது. அந்தக் காலச் சூழலில் சாலையும் அதியமான் பெயரைத் தாங்கியதைத் தற்செயலாக எண்ண இயலாது. உரோமானியப் பேரரசில் மைல்கற்கள் தொலைவோடு பேரரசரின் பெயரையும் சுமந்தன. இங்கும் வழிகாட்டும் கல் குலத்தின் நினைவுக் கல்லாகவும் ஆயிற்று என்பதே என் முடிவு.

இன்றைய அதியமான்கோட்டையில் அந்த நினைவு வேறு வடிவில் தொடர்கிறது. முட்டை வடிவ மண்கோட்டையின் எச்சம் இருக்கிறது. சென்றாயப் பெருமாள் கோயில் மண்டப விதானத்தில் இராமாயண, மகாபாரத ஓவியங்கள் உள்ளன. அரசு எழுப்பிய அதியமான் கோட்டத்தில் அதியமானும் ஔவையும் சிலையாக நிற்கிறார்கள். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி தந்த கதையைத் தமிழ்ப் பிள்ளைகள் பாடநூலிலேயே படித்துவிடுகிறார்கள். ஆனால் பிற்கால அதியமான்களும் அவர்கள் காலத்துப் பெருவழியும் அந்த அளவுக்கு அறியப்படவில்லை; சங்ககாலத்திலிருந்து நேரே இக்காலத்துக்குத் தாவிவிடுகிறோம். இரு நெடுஞ்சாலைகள் கூடும் இடத்தில் இந்தக் காதக்கற்களின் நகல்களை, குழிகளோடும் படித்துச் சொல்லும் பலகையோடும் நெடுஞ்சாலைத் துறையும் தொல்லியல் துறையும் சேர்ந்து நிறுவ வேண்டும். கல் எந்தச் சாலைக்காக வெட்டப்பட்டதோ, அந்தச் சாலையின் வழித்தோன்றலில் பயணம் செய்வோர் அதை இறங்கிப் படிக்க அது வழி செய்யும்.