விழுப்புரம், திண்டிவனம் நகரங்களில் புகைபோக்கி அனுமதி: ஒரு சட்ட வரலாற்று நோக்கு

முன்னுரை

தென்னார்க்காடு மாவட்டத்தின் வணிக நகரங்களாக இருந்த விழுப்புரமும் திண்டிவனமும் 1993இல் உருவான விழுப்புரம் மாவட்டத்தில் அடங்கின. நெல்லும் மணிலாவும் இப்பகுதியின் முதன்மை விளைபொருள்கள். நெல்லைப் புழுக்கும் ஆலைகள் உமியை எரித்து நீராவி பெற்றமையால், நெல் வணிகம் வளர்ந்த ஊர்களில் புகைபோக்கிகளும் எழுந்தன. அவற்றுக்கு அனுமதி வழங்கிய சட்டம் எவருடைய நலனைக் கருதியது என்பதையும், வீட்டடுப்பு அச்சட்டத்தில் பெற்ற இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆலைப் புகைபோக்கி

இவ்விரு நகரங்களும் நகராட்சிகளான பின், 2023 ஏப்ரல் வரை, 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்திற்கு உட்பட்டிருந்தன. கட்டடம் எழுப்ப முன் அனுமதி வேண்டும். தீங்கோ தொல்லையோ விளைவிக்கக்கூடிய தொழில்களுக்கு 249ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். நீராவி முதலிய விசையால் இயங்கும் ஆலையை நிறுவ 250ஆம் பிரிவின்படி தனி அனுமதி வேண்டும். சுற்றுப்புறத்தின் மக்கள் நெருக்கமும் அயலாருக்கு நேரும் தொல்லையும் அனுமதியை மறுக்கப் போதிய காரணங்களாயின. கொதிகலனோ 1923ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன்கள் சட்டப்படி தனியே பதிவு பெறவேண்டியிருந்தது.

வங்காளத்தில் 1905இலும் பம்பாயில் 1912இலும் புகைத்தொல்லைக்கெனத் தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1920ஆம் ஆண்டுச் சட்டத்திலோ புகை, ஆலையால் விளையும் தொல்லைகளுள் ஒன்றாகவே அடங்கியது. 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டமே புகைபோக்கிக்கு விரிந்த வரையறை தந்தது. எனினும் அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு கோரும் இசைவு தொழிற்கூடங்களுக்கே உரியது.

வீட்டடுப்பு

அடுப்பெரிக்கும் சமையலறையை வீட்டு வரைபடத்தின் ஓர் அறையாகவே அனுமதி முறை நோக்கியது. தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2005ஆம் ஆண்டுப் பதிப்பு சமையலறைக்கு 1 சதுர மீட்டர் பரப்புள்ள சாளரத்தைக் கட்டாயமாக்கிற்று. புகைக்குழாயையோ, தேவையெனக் கண்டால் மட்டும் அமைக்கலாம் என்று விட்டது.

அடுப்புக்குப் புகைக்குழாய் அமைக்கும் முயற்சி சட்டத்திற்கு வெளியே நிகழ்ந்தது. எஸ். பி. ராஜு ஐதராபாத்தில் வடிவமைத்த புகையில்லா அடுப்பைப் பற்றிய அவரது ஆங்கில நூல் 1953இல் சென்னையில் வெளிவந்தது. 1983இல் மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டம் தொடங்கியது. பின்னர்த் தமிழக அரசு 2007 முதல் ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு அடுப்பை இலவசமாக வழங்கியது. ஆலைக்கு நிபந்தனையாக வந்த புகைக் கட்டுப்பாடு வீட்டுக்கு நலத்திட்டமாக வந்தது.

முடிவுரை

அனுமதிச் சட்டம் புகையை அயலாரின் தொல்லையாகக் கண்டது. அடுப்பின் முன் அமர்ந்து சமைத்த பெண்ணின் மூச்சு அதன் வரம்பிற்குள் வரவில்லை. ஆகவே நகராட்சி அனுமதிக் கோப்புகளை மட்டும் சான்றாகக் கொண்டு எழுதப்படும் புகையின் வரலாறு தெருவின் வரலாறாகவே அமையும். அதனை வீட்டினுள் கொண்டுசெல்ல, நலத்திட்ட ஆவணங்களையும் சமைத்தவர்களின் வாய்மொழிச் சான்றுகளையும் ஆய்வாளர் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.