சிற்பத்தில் வீடற்றோர்

ஈகையைப் போற்றும் கலைகள் எல்லாவற்றிலும் ஈவோன் உருவம் தெளிவாகத் தோன்றும். ஏற்போன் உருவம் மங்கிக் கிடக்கும். பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தமையை அறிந்த நாம், அவன் நாட்டில் குளிரால் நடுங்கிய மாந்தர் எவரேனும் இருந்தனரா என்று வினவுவதில்லை. இது குறைகூறல் அன்று. கொடைமடத்தைப் பாடிய புலவர்க்கு அவ்வினா வேண்டப்படவில்லை என்பதே எம் கருத்து. ஆயின், தலைசாய்க்க இடமில்லாத ஒருவனைச் சிற்பி தன் பொருளாக எடுத்துக்கொள்ளும்போது இவ்வினாவினின்று அவன் தப்பவியலாது. அவன் செதுக்குவது யாரை? இரங்கும் மேலோனையா, இரங்கப்படும் எளியோனையா? மேலைநாட்டுச் சிற்பத்தில் இவ்வினாவிற்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கிடைத்துள்ளன. அவற்றுள் சிலவற்றை ஈண்டு ஆராய்வாம்.

கி.பி. 4ஆம் நூற்றாண்டில் உரோமப் படையில் பணியாற்றிய மார்ட்டின் என்பார், கடுங்குளிர்க் காலத்தில் ஆமியேன் நகர வாயிலில் ஆடையின்றி நின்ற இரவலன் ஒருவனைக் கண்டு, தம் மேலாடையை வாளால் இரு கூறாக்கி ஒரு கூற்றினை அவனுக்கு ஈந்தார் என்பது அவர்தம் வரலாற்றை எழுதிய சுல்ப்பீசியசு செவரசு கூறும் செய்தி. அன்றிரவு கனவில், அவ்வரை ஆடையை உடுத்தவராகக் கிறித்து தோன்றினார் என்றும் அந்நூல் கூறுகின்றது. அவ்வாடையைக் குறித்த 'காப்பா' என்னும் இலத்தீன் சொல்லினின்றே, அதனைப் போற்றிவைத்த சிற்றாலயத்தைக் குறிக்கும் 'காப்பெல்லா' என்ற சொல் பிறந்தது. ஆங்கிலத்தில் சாப்பல் என வழங்குவதும் அதுவே. இரவலன் ஒருவன் பெற்ற பாதித் துணி ஒரு வழிபாட்டிடத்திற்குப் பெயராயிற்று. அவ்விரவலன் பெயரோ எவர்க்கும் தெரியாது.

இந்நிகழ்ச்சியைக் காட்டும் சிற்பங்கள் ஐரோப்பாவில் எண்ணிறந்தன. இத்தாலியிலுள்ள லுக்கா நகரப் பேராலய முகப்பிற்கென 13ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட சிற்பத்தில் இரவலன் குதிரையின் பக்கத்தே நிமிர்ந்து நிற்கின்றான். பிற்கால மரச்சிற்பங்கள் பலவற்றிலோ அவன் சிறுத்துக் கூனிக் குதிரையின் காலடியில் தவழ்கின்றான். 18ஆம் நூற்றாண்டில் கெயோர்க் இராபயேல் டோனர் பிராத்திசுலாவா நகரப் பேராலயத்திற்கென ஈயத்தால் வார்த்த தொகுதியில் மார்ட்டின் அங்கேரிய நாட்டுக் குதிரைவீரன் உடையில் எழிலுறத் தோன்றுகின்றார். இரவலன் அரை ஆடையுடன் கீழே கிடக்கின்றான். உடல்வலிமை சற்றும் குன்றாத அவனைக் கண்டு பசித்தவன் என்று எவரும் நம்பார்! அங்குச் சிற்பி காட்ட விரும்பியது வறுமையை அன்று. அவ்வுடலின் வளைவு மேலிருக்கும் வீரனின் எழுச்சிக்கு அடித்தளமாய் அமைகின்றது. இச்சிற்பங்களில் அருள் உண்டு; அவ்வருள் மார்ட்டினுக்கு உரிய அணிகலன். ஏற்போன் அதனைத் தாங்கும் பீடம் என்று கோடலே பொருந்தும்.

குதிரையையும் வீரனையும் நீக்கிவிட்டு இரவலனை மட்டும் தனியே நிறுத்தியவருள் தலைசிறந்தவர் செருமானியச் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக் (1870-1938). 36ஆம் அகவையில், தம் உடன்பிறந்தார் ஒருவரைக் காணும்பொருட்டு, அன்று உருசியப் பேரரசின் பகுதியாயிருந்த கார்க்கோவுக்கு அவர் சென்றார். 1906இல் நிகழ்ந்த அப்பயணம் ஏறத்தாழ இரண்டு திங்கள் நீடித்தது. அதுகாறும் தமக்கென ஒரு வடிவம் வாய்க்காமல் இடர்ப்பட்ட அவர், சாலையோரத்தில் குந்தியிருந்த இரவலர்களின் முரட்டு ஆடைத் திரளில் அவ்வடிவத்தைக் கண்டார். கையில் கலம் ஏந்திய உருசிய இரவற்பெண், கண்ணிழந்த இரவலன் ஆகிய உருவங்கள் அப்பயணத்தின் விளைவுகள். அவற்றில் உடல் தனியாகவும் ஆடை தனியாகவும் இல்லை. குளிருக்கு ஒடுங்கிய ஒருவர் வெளியிலிருந்து எவ்வாறு தோன்றுவாரோ அவ்வாறே, ஒரே பொதியாக, ஒரே பாறையாகத் தோன்றுகின்றனர்.

1919இல் அவர் மரத்தில் செதுக்கிய 'முகம் மறைத்த இரவற்பெண்' என்னும் சிற்பத்தைக் காண்போர் முதலில் திகைப்பர். தலை கவிழ்ந்துள்ளது, முக்காடு முகம் முழுவதையும் மறைக்கின்றது, கைகள் மட்டும் வெளியே நீள்கின்றன. முகத்தைக் காட்டி இரக்கம் தேடும் எளிய வழியைச் சிற்பி கைவிட்டார். அழுத கண்ணைக் காட்டினால் காண்போனும் சிறிது அழுது, நெஞ்சம் இலேசாகி அகன்றிருப்பான். இங்கு அவனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. இப்பெண் யாவள், எவ்வூரினள், இரத்தற்குத் தகுதியுடையவளா என்னும் வினாக்களுக்கெல்லாம் முக்காடு ஒன்றே விடை. மார்ட்டின் நின்ற இடம் இப்பொழுது வெறுமையாக உள்ளது. அவ்விடத்தில் வந்து நிற்பவன் சிற்பத்தைக் காணவந்தவனே. பார்லாக் செய்த பெருமாற்றம் இதுவென்பது எம் துணிபு.

இம்மாற்றம் எத்துணை இடருடையது என்பதனை லூபெக் நகர நிகழ்ச்சிகள் காட்டும். அந்நகர அருங்காட்சியகத் தலைவர் கார்ல் கெயோர்க் ஹைசே, புனித காத்தரீன் கோயில் முகப்பிலுள்ள மாடங்களில் நிறுத்துதற்குப் பார்லாக்கிடம் உருவங்கள் வேண்டினார். 'புனிதர் கூட்டுறவு' என்பது அவ்வரிசைக்கு இட்ட பெயர். 1930 முதல் 1932 வரை மூன்று உருவங்களே முடிந்தன. அவற்றுள் முதலாவது ஊன்றுகோல்களில் தொங்கும் இரவலன். மெலிந்த மார்பு, தொய்ந்த கால்கள், வானோக்கி உயர்த்திய முகம். கோயில் செங்கற் கட்டடமாதலின், உருவமும் சூளையில் மிகச்சுட்ட செங்கல் மண்ணாலேயே செய்யப்பட்டது. சுவரும் இரவலனும் ஒரே மண். அரசரும் ஆயரும் நிற்கத்தக்க உயரத்தில், புனிதர் என்னும் பெயரோடு, ஊன்றுகோல் பிடித்த ஒருவனை நிறுத்துவது அக்காலத்தில் சிறு துணிவன்று.

மாடங்கள் நிரம்பவில்லை. 1933இல் நாத்சிகள் ஆட்சியைக் கைப்பற்றினர். ஹைசே பதவி இழந்தார். அவ்வாண்டு செப்தம்பரில் செருமனி முழுவதும் இரவலர் வேட்டை ஒன்று நடந்து பல்லாயிரவர் சிறைப்பட்டனர். 1937இல் பார்லாக்கின் படைப்புகள் 300க்கும் மேற்பட்டன 'சீர்கெட்ட கலை' என்னும் பழியுடன் அருங்காட்சியகங்களினின்றும் பொதுவிடங்களினின்றும் அகற்றப்பட்டன. மறு ஆண்டு ஏப்பிரலிலும் சூனிலும், 'வேலைக்கு அஞ்சுவோர்' என்று முத்திரையிடப்பட்ட 10,000க்கும் மேற்பட்டோர் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் இரவலரும் வீடற்று அலைந்தோரும் பலர். சமூகத்திற்குப் புறம்பானோர் என்பதற்கு அடையாளமாகக் கருநிற முக்கோணம் அவர்தம் ஆடையில் தைக்கப்பட்டது. அவ்வாண்டு அக்தோபரில் பார்லாக் மறைந்தார். கலை வரலாற்றாசிரியர் சிலைகள் அகற்றப்பட்டதை ஓரியலிலும், சமூக வரலாற்றாசிரியர் மாந்தர் அகற்றப்பட்டதைப் பிறிதோரியலிலும் எழுதுவர். அவற்றை ஒருங்கு வைத்து நோக்கவேண்டும் என்பதற்காகவே யாம் இத்துணை விரித்தோம். தெருவில் இருக்கலாகாது என்று கருதப்பட்ட ஒருவன் மாடத்தில் மட்டும் எவ்வாறு இருக்கலாகும்?

மறைத்துக் காக்கப்பட்ட மூன்று உருவங்களும் 1947இல் மாடம் ஏறின. எஞ்சிய ஆறினைக் கெர்கார்டு மார்க்சு செய்து முடித்தார். அவ்விரவலன் மேலேறி நின்றபோது கீழே இருந்த நகரையும் நினைத்தல் வேண்டும். 1942 மார்ச்சில் வான்குண்டுகளால் எரிந்த நகரம் அது. போருக்குப்பின் கிழக்கினின்று துரத்தப்பட்ட ஏதிலியர் பல்லாயிரவர் அங்கு வந்து குழுமியிருந்தனர். திட்டமிட்டபோது அயலவனாயிருந்த இரவலன், நிறுவியபோது அவ்வூர் மக்கள் பலருள் ஒருவனானான்.

நம் காலத்திற்கு வருவாம். கனடா நாட்டுச் சிற்பி திமோத்தி ஷ்மால்ட்ஸ் என்பார் 2011ஆம் ஆண்டின் கிறித்துப் பிறப்பு நாளை ஒட்டி, டொரொன்டோ நகரத் தெருவில் போர்வைக்குள் சுருண்டு கிடந்த ஒருவரைக் கண்டார். அக்காட்சியே 'வீடற்ற இயேசு' என்னும் வெண்கல உருவமாயிற்று. 2013இல் அது டொரொன்டோவிலுள்ள இரீஜிஸ் கல்லூரியின் முன் நிறுவப்பட்டது. பின்னர் அதன் படிகள் உலகின் பல நகரங்களுக்கும் வத்திக்கானுக்கும் சென்றன. பூங்காவில் கிடப்பதுபோன்ற இருக்கை ஒன்றில் ஆளளவான உருவம் படுத்துள்ளது. முகமும் கைகளும் போர்வைக்குள் மறைந்துள்ளன. வெளியே தெரிபவை பாதங்களே. அவற்றிலுள்ள ஆணித்தழும்புகளே அவர் யார் என்பதனை உணர்த்தும் ஒரே குறி. எளியோர்க்குச் செய்தது தமக்கே செய்ததாம் என்னும் மத்தேயு நற்செய்தியின் 25ஆம் இயற் பொருளைச் சிற்பி இவ்வாறு வடித்தார். மார்ட்டின் கண்ட கனவும் இதுவே.

இங்கு மற்றொன்றும் நீங்கியுள்ளது. பார்லாக்கின் இரவற்பெண் கை நீட்டினாள். இவர் கை நீட்டவில்லை. ஒன்றும் கேளாது உறங்குகின்றார். மாடமும் பீடமும் இல்லை. உருவம் தெருவின் தளத்திலேயே உள்ளது. இரத்தலும் வீடின்மையும் ஒன்றல்ல என்னும் வேறுபாட்டை இச்சிற்பம் தெளிவாகப் பற்றிக்கொண்டது. கேட்பவனுக்கு இல்லையென்று சொல்லியேனும் விடை கூறவேண்டும். உறங்குபவனைக் கடந்து செல்ல ஒரு சொல்லும் வேண்டா.

2014இல் வட கரோலினாவிலுள்ள டேவிட்சன் என்னும் சிற்றூரின் ஆலயத்தின் முன் ஒரு படி நிறுவப்பட்டது. உயிருள்ள ஒருவர் கிடப்பதாக எண்ணிய பெண்மணி ஒருவர் காவலரை அழைத்தார். 2020இல் ஒகையோ மாநிலத்துப் பே வில்லேஜ் என்னும் ஊரில், சிலை வந்த 20 நிமிடத்திற்குள் இதே நிகழ்ந்தது. இவற்றை நகைச்சுவையாகச் சொல்லுவாருளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. தழும்பினைக் காணுமுன் காண்போன் தன் தீர்ப்பை வழங்கிவிடுகின்றான். பாதத்தருகே வந்தபின்னரே தான் யார்மீது தீர்ப்பு வழங்கினோம் என்பதனை அறிகின்றான். இச்சிற்பத்தின் ஆற்றல் இவ்விடைவெளியில்தான் உள்ளது.

எனினும் ஒரு தடை எழும். தழும்பு கண்டபின் அவ்விருக்கையில் இருப்பவர் வீடற்ற மனிதரா, கடவுளா? கடவுள் எனின், வணங்கிச் செல்வார்க்கு மனிதர் மீண்டும் மறைந்துபோவார். தழும்பில்லாதவர் மீது அருள் பிறவாதா என்று வினவுவார்க்கு இச்சிற்பம் முழுவிடை தருவதாகத் தெரியவில்லை. பார்லாக்கின் உருவங்களில் அத்தகைய அடையாளம் ஏதும் இல்லை. அவை இரவலர் என்னும் அளவிலேயே நின்று நம்மை எதிர்நோக்குகின்றன. கலையென்னும் முறையில் அவையே அரியவை என்பது எம் கருத்து. ஷ்மால்ட்ஸின் ஆதரவாளர் இதற்கு விடையாக இருக்கையின் அமைப்பைச் சுட்டக்கூடும். பல நகரங்களில் எவரும் படுத்துறங்காவண்ணம் பொது இருக்கைகளின் நடுவே இரும்புக் கைப்பிடிகளைப் பொருத்தியுள்ளனர். இவ்வெண்கல இருக்கையில் கைப்பிடி இல்லை. படுத்திருப்பவரின் காலடியில் மற்றொருவர் அமர்தற்கு இடம் விடப்பட்டுள்ளது.