வீட்டுக்குள் வந்த பாம்பும் இருநூறு ஆண்டு அறிவியலும்

மழைக்கால இரவு. அடுக்களையில் விளக்கைப் போடுகிறீர்கள். அரிசிப் பானைக்குப் பின்னால் ஏதோ நெளிகிறது. பாம்பு! உங்கள் கை முதலில் எதைத் தேடும்? பெரும்பாலான வீடுகளில் அது கம்பைத்தான் தேடும்.

இந்தப் பழக்கம் தனி மனிதர்களுக்கு மட்டும் உரியதன்று. ஓர் அரசாங்கமே கம்பை எடுத்துக்கொண்டு பாம்புகளின் பின்னால் பல ஆண்டுகள் ஓடிய கதை நம் நாட்டில் உண்டு. அந்த ஓட்டத்தால் கிடைத்த பயன் என்ன? பாம்புக்கடியிலிருந்து உயிரைக் காக்கும் மருந்து கடைசியில் எங்கிருந்து வந்தது? இவ்விரு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், அடுக்களையில் நிற்கும் உங்கள் கை சற்று நிதானிக்கும். எனவே அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

சோழமண்டலக் கரையில் ஒரு மருத்துவர்

1785-இல் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராகப் பொறுப்பேற்றார் பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். விசாகப்பட்டினத்தில் தங்கியிருந்த அவரை ஒரு கேள்வி உறுத்தியது. பாம்பு கடித்தவரைக் காப்பதற்கு முன், கடித்த பாம்பு நஞ்சுடையதா இல்லையா என்று தெரிய வேண்டுமல்லவா? அதை வேறுபடுத்தி அறிவது எப்படி?

அதற்காக ரஸ்ஸல் பாம்புகளைச் சேகரித்தார். ஒவ்வொன்றையும் வரையச் செய்தார். உள்ளூர் மக்கள் வழங்கிய பெயர்களைக் குறித்துக்கொண்டார். அவர் எழுதிய நூல் 1796-இல் வெளிவந்தது. இந்தியப் பாம்புகளைப் பற்றிய முதல் பெரிய அறிவியல் நூல் அதுவே எனலாம். நாம் கண்ணாடிவிரியன் என்று அழைக்கும் பாம்புக்கு அறிவியலார் சூட்டிய பெயரில் இன்றும் ரஸ்ஸலின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அக்காலத்தில் பாம்புக்கடிக்குத் 'தஞ்சாவூர் மாத்திரை' என்ற ஒன்று புகழ்பெற்றிருந்தது. அதில் பாஷாணமும் சேர்ந்திருந்தது. ரஸ்ஸல் அதைக் கோழிகளிலும் நாய்களிலும் சோதித்துப் பார்த்தார். நம்பத்தக்க மருந்து என்று அவரால் சொல்ல இயலவில்லை.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். பயனற்ற மருந்து எப்படிப் புகழ் பெறுகிறது? கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சற்றவை. நஞ்சுள்ள பாம்பும் கடிக்கும்போதெல்லாம் நஞ்சைச் செலுத்திவிடுவதில்லை. பல்லை மட்டும் பதித்துவிட்டு விலகுவதும் உண்டு. ஆகவே எந்த மருந்தும் இல்லாமலே கடிபட்டவர்களுள் பலர் பிழைத்துக்கொள்வார்கள். அப்படிப் பிழைத்தவர் விழுங்கியது எதுவோ, அதற்குப் புகழ் சேர்ந்துவிடுகிறது. வேரும் கல்லும் மந்திரமும் இன்றுவரை நிலைத்திருப்பதற்குக் காரணம் இந்த எளிய கணக்குதான்.

தலைக்கு இவ்வளவு

அடுத்த நூற்றாண்டில் வங்காளத்தில் பணியாற்றிய ஜோசப் ஃபேரர் என்னும் மருத்துவர் பாம்புக்கடிச் சாவுகளைக் கணக்கெடுக்க முயன்றார். வங்காளம், பஞ்சாப், அயோத்தி, மத்திய மாகாணங்கள் முதலிய பகுதிகளிலிருந்து வந்த விவரங்களைக் கூட்டியபோது, 1869-ஆம் ஆண்டில் மட்டும் 11,416 பேர் மாண்டது தெரிந்தது. நாடு முழுவதும் சரியாகக் கணக்கெடுத்தால் இது 20,000-ஐத் தாண்டும் என்று அவர் கருதினார். 1872-இல் வெளிவந்த அவருடைய பெரிய நூல் இந்தியாவின் நச்சுப்பாம்புகளை வண்ணப்படங்களுடன் விளக்கியது.

இத்தனை சாவுகளைத் தடுப்பது எப்படி? பாம்புகளைக் கொன்று தீர்ப்பதே அரசுக்குத் தோன்றிய வழி. நச்சுப்பாம்பைக் கொன்று கொண்டுவருபவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று பரிசு அறிவிக்கப்பட்டது. இத்திட்டம் சில இடங்களில் முன்பே நடைமுறைக்கு வந்திருந்தது. கொங்கணத்து இரத்தினகிரி மாவட்டத்தில் சுருட்டைவிரியன்கள் மிகுதி. அங்கே 1862 டிசம்பரில் எட்டே நாட்களில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட பாம்புகள் குவிந்தன!

1880-களில் நாடு முழுவதும் ஆண்டுக்கு இரண்டு இலட்சத்துக்கும் மேலான பாம்புகள் கொல்லப்பட்டு வந்தன. சாவுக் கணக்கோ ஆண்டுக்கு 20,000-ஐ ஒட்டியே நின்றது. கருவூலம் கரைந்தது, மனிதர் சாவு குறையவில்லை.

பரிசுக்காகத் தில்லியில் மக்கள் நாகங்களை வளர்க்கத் தொடங்கினார்கள் என்று ஒரு கதை பல நூல்களில் காணப்படுகிறது. சுவையான கதைதான், ஆனால் அதற்கு உறுதியான ஆவணச் சான்று இல்லை. திட்டம் தோற்றதற்கு அந்தக் கதை தேவையும் இல்லை. ஒரு கண்ணாடிவிரியன் ஒரே ஈற்றில் இருபது, முப்பது குட்டிகள் ஈனும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். ஒன்றைக் கொன்றால், எலிகள் இருக்கும்வரை அதன் இடத்துக்கு மற்றொன்று வந்துசேரும். பாம்பை வீட்டுக்கு அழைத்த காரணத்தை விட்டுவிட்டு வந்த பாம்பை மட்டும் அடித்தால் என்ன பயன்?

மருந்துத் தேட்டமும் தொடர்ந்தது. ஃபேரர் உள்ளிட்ட மூவர் 1904-இல் ஒரு சிறு கருவியைப் பரிந்துரைத்தனர். மரக் கைப்பிடியின் ஒரு முனையில் சிறு கத்தி. மறுமுனையில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் தூள். கடிவாயைக் கீறித் தூளைத் தேய்க்க வேண்டும். சோதனைக் குழாயில் பெர்மாங்கனேட் நஞ்சை அழிப்பது உண்மைதான். ஆனால் உடலுக்குள் பரவிவிட்ட நஞ்சை அது எட்டுவதில்லை. கீறிய சதைதான் புண்ணாகிறது. கடிவாயைக் கீறும் வழக்கம் மட்டும் ஊர்ப்புறங்களில் நெடுங்காலம் நிலைத்துவிட்டது.

ஒரு பீப்பாய் நிறையப் பாம்புகள்

உண்மையான திருப்பம் வேறொரு நாட்டில், வீடுகளுக்குள் புகுந்த பாம்புகளாலேயே நேர்ந்தது. இன்றைய வியட்நாமின் தென்பகுதி அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. 1891 அக்டோபரில் அங்கே பாக்லியு என்னும் ஊரருகே பெருமழை பெய்தது. வளைகளில் வெள்ளம் புகவே, நாகங்கள் மேட்டைத் தேடி ஒரு கிராமத்துக்குள் நுழைந்தன. 40 பேர் கடிபட்டனர்; நால்வர் இறந்தனர்.

அந்தக் கிராமத்தில் ஒருவர் கம்பை எடுக்கவில்லை. பத்தொன்பது நாகங்களை உயிரோடு பிடித்தார். அவற்றை ஒரு பீப்பாயில் அடைத்து, சைகோன் நகரில் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த பாஸ்டர் ஆய்வகத்துக்கு அதிகாரிகள் அனுப்பினர். ஆய்வகத் தலைவர் ஆல்பர்ட் கால்மெட் என்னும் இளம் மருத்துவர். குழந்தைப் பருவத்தில் நாம் போட்டுக்கொள்ளும் பி.சி.ஜி. தடுப்பூசியைப் பிற்காலத்தில் உருவாக்கிய இருவருள் ஒருவர் இவரே.

அதற்கு ஓராண்டு முன்புதான், 1890-இல், பெரிங், கிடசாட்டோ என்னும் இருவர் ஓர் உண்மையை வெளியிட்டிருந்தனர். விலங்கின் உடலில் நோய்நஞ்சைச் சிறிது சிறிதாகச் செலுத்தினால், அதன் குருதியில் நஞ்சை முறிக்கும் பொருள் உண்டாகிறது. அக்குருதியின் ஊநீரை நோயாளிக்குச் செலுத்தலாம். பாம்பு நஞ்சுக்கும் இது பொருந்துமா என்று கால்மெட் ஆராய்ந்தார். பொருந்தியது. 1894-இல் அவரும், அவரைச் சாராமல் ஃபிசாலி, பெர்த்ரான் என்னும் இரு பிரெஞ்சு அறிவியலாரும் தத்தம் முடிவுகளை வெளியிட்டனர். பின்னர் குதிரைகளுக்கு நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றி, அவற்றின் குருதியிலிருந்து மருந்து பெரிய அளவில் தயாரிக்கப்பட்டது. அடிப்படை முறை இன்றும் இதுதான்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. தம் ஊநீர் எல்லாப் பாம்புக்கடிக்கும் உதவும் என்று கால்மெட் நம்பினார். ஆஸ்திரேலியாவில் மார்ட்டினும், பம்பாயில் ஜார்ஜ் லாம்பும் அதைச் சோதித்தனர். நாகத்தின் நஞ்சைக் கொண்டு செய்த மருந்து கண்ணாடிவிரியனின் நஞ்சை முறிக்கவில்லை. நாகத்தின் நஞ்சு நரம்பையும் தசையையும் இணைக்கும் தொடர்பைத் தடுத்து மூச்சை நிறுத்துகிறது. கண்ணாடிவிரியனின் நஞ்சோ குருதி உறையும் முறையைக் குலைக்கிறது. பூட்டு வேறானால் சாவியும் வேறாகத்தானே இருக்க வேண்டும்?

ஆகவேதான் இந்தியாவில் இன்று கிடைக்கும் மருந்து நான்கு பாம்புகளின் நஞ்சுகளைக் கொண்டு தயாராகிறது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். ரஸ்ஸல் எழுப்பிய கேள்வியை நினைவுகூருங்கள். எந்தப் பாம்பு என்று அறியாமல் மருந்தே செய்ய முடியாது என்பது நூறாண்டுக்குப் பின் மெய்ப்பட்டது.

வடநெம்மேலியில் ஒரு கூட்டுறவுச் சங்கம்

மருந்துக்கு நஞ்சு வேண்டும். நஞ்சுக்கு உயிருள்ள பாம்பு வேண்டும். அதைப் பிடிப்பவர் யார்? இங்கேதான் நம் தமிழ்நாட்டின் பங்கு வருகிறது. செங்கற்பட்டு வட்டாரத்து இருளர் மண்ணில் பதிந்த தடத்தைக் கண்டே பாம்பு எந்த வளையில் இருக்கிறது என்று சொல்லவல்லவர்கள். ஒரு காலத்தில் அவர்கள் பாம்புத்தோல் வணிகத்துக்காகப் பிடித்தார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதியும் தடைசெய்யப்பட்டது. பிழைப்பு போயிற்று.

1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் அது இயங்குகிறது. பிடித்த பாம்பைச் சில வாரங்கள் வைத்திருந்து, சில முறை நஞ்செடுத்து, அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்திய மருந்து நிறுவனங்கள் பயன்படுத்தும் நஞ்சில் பெரும்பகுதி இங்கிருந்தே சென்றது. 2023-இல் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அரசின் பரிசு, இம்முறை, பாம்பை உயிரோடு பிடித்தவர்களைச் சேர்ந்தது!

உங்கள் வீட்டில்

இனி அடுக்களைக்குத் திரும்புவோம். இயற்பியல் பயிற்றுவிக்கும் எனக்குப் பாம்பு ஒரு நுட்பமான அதிர்வுமானியாகவே தோன்றுகிறது. அதற்கு வெளிக்காது கிடையாது. தரையின் அதிர்வைத் தாடையெலும்பு உட்காதுக்குக் கடத்துகிறது. தாழ்ந்த ஒலிகளையும் ஓரளவு உணரும். நீங்கள் நடந்து வருவதை அது முன்பே அறிந்து, வழி கிடைத்தால் விலகவே பார்க்கும். மூலையில் மடக்கி அடிக்க முனையும்போதுதான் அது திருப்பித் தாக்குகிறது.

எனவே விலகி நில்லுங்கள். பெரிய பாம்பானாலும் இரண்டு மீட்டருக்கு அப்பால் நின்றால் போதும். குழந்தைகளை வெளியேற்றுங்கள். மற்ற அறைகளின் கதவைச் சாத்தி, கதவடி இடுக்கில் துணியைச் செருகுங்கள். வெளிவாசல் திறந்திருக்கட்டும். ஒருவர் மட்டும் தொலைவிலிருந்து பாம்பின் மீது கண் வைத்திருக்க, மற்றவர் தீயணைப்பு மீட்புப் பணி நிலையத்துக்கோ (101) வனத்துறைக்கோ சொல்லட்டும். நீங்களே பிடிக்க முயலாதீர்கள்.

கடிபட்டுவிட்டால்? மோதிரம், கொலுசு, வளையல்களைக் கழற்றிவிடுங்கள். எலும்பு முறிந்த கையையோ காலையோ போலக் கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். 108 ஊர்தியை அழைக்கலாம். கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் மூன்றும் கூடாது. பாம்பைத் துரத்திப் பிடித்துக் கொண்டுபோகவும் வேண்டாம். நான்கு நஞ்சுக்கும் மருந்து ஒன்றே.

கட்டுவிரியனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அது இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இராது. பல்தடமும் சில வேளை தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமை சரிதல், நாக்குழறல் ஆகியவற்றுடன் எழுந்தால் பாம்புக்கடியாக இருக்கலாம் என்று ஐயுற வேண்டும். இதற்கு எளிய காப்பு கொசுவலை! படுக்கைக்கு அடியில் அதைச் செருகிக்கொண்டு படுத்தவர்களிடையே பாம்புக்கடி குறைவாக இருந்ததை, நேபாளத்தில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கட்டிலில் படுப்பது, இரவில் கைவிளக்குடன் நடப்பது, விறகையும் செங்கலையும் சுவரோரம் குவிக்காதிருப்பது, தானியத்தை மூடி எலியை ஒழிப்பது, சாக்கடைத் துளைக்கு வலையடிப்பது ஆகியனவும் அத்தகையனவே.

இவ்வளவு அறிந்த பின்னும் இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. மருந்து இருந்தும் நேரத்தில் கிடைக்காமல் மாண்டவர்கள் பலர். இன்றைய மருந்திலும் குறை உண்டு: ஒரே இனப் பாம்பின் நஞ்சும் இடத்துக்கு இடம் மாறுபடுகிறது, மேற்குத்தொடர்ச்சி மலையின் குழிவிரியன்களுக்கு அது உதவுவதில்லை. பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்ததே 2024 நவம்பரில்தான். 1869-இல் ஃபேரர் தொடங்கிய கணக்கு இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை என்று பொருள்.

அந்தக் கணக்கில் உங்கள் வீட்டுப் பெயர் ஏறாமல் காப்பது பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கிறது. பாக்லியு கிராமத்தில் நாகங்கள் அடிபட்டு மடிந்திருந்தால், சைகோனுக்கு அந்தப் பீப்பாய் போயிராது. அடுத்த முறை பானைக்குப் பின்னால் ஏதேனும் நெளிந்தால், கம்பைத் தேடும் முன் இரண்டடி பின்னால் செல்லுங்கள். அதன் பிறகு செய்ய வேண்டியதெல்லாம் தானே நினைவுக்கு வரும்.