குடவோலையும் குடத்துக்குப் புறம்பானோரும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குத் தென்மேற்கே, அதே காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூரின் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921இல், ஊர்த் தேர்தலின் விதிகள் பொறிக்கப்பட்டன. 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். வேறோலை மறைத்திருப்பானோ என்னும் ஐயம் அன்றும் இருந்தது போலும்!

மத்தியாவின் பேருக்குச் சீட்டு விழுந்ததை அறிந்த நமக்கு இம்முறை புதிதன்று. அங்கும் தகுதியை வரையறுத்த பின்னரே சீட்டுப் போடப்பட்டது. உத்திரமேரூரில் தகுதிகளாவன: வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் பயிற்சி. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். நம் சபைக் குழுக்களில் இவ்விதியிருப்பின் எத்தனை ஓலை எஞ்சுமோ!

ஆயினும் அது பிரமதேய ஊர், சபை பிராமணருடையது. ஏரி வாரியத்தார் காத்த நீரில் உழுது விதைத்தோர் பெயரும் பெண்கள் பெயரும் குடத்தில் இடப்படவில்லை. இன்று 18 வயது நிரம்பிய குடிமக்கள் யாவருக்கும் வாக்குரிமை உண்டு. எனினும், ஒரகடம் ஆலைகளுக்கு வெளிமாநிலத்திலிருந்து வந்து, தங்கும் ஊரின் பட்டியலில் பெயர் சேர்க்கப்படாத தொழிலாளர், அவ்வூரின் குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் பொறுப்பானவரைத் தெரிந்தெடுக்க இயலாது.