இசகாயா, கள்ளுக்கடை, பரோட்டாக் கடை

ஜப்பானில் தெருவுக்குத் தெரு இருக்கிற சின்னக் கடைக்குப் பேர் 'இசகாயா'. பிரிச்சுப் பார்த்தா ரொம்ப எளிமை. 'இ' என்றால் இருப்பது, 'சகே' என்றால் மது, 'யா' என்றால் கடை. ஆக, இருந்து குடிக்கிற கடை. வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போகாம, அங்கேயே உட்கார்ந்து, ரெண்டு வாய் தின்னு, நாலு பேச்சுப் பேசி, அப்புறம் வீடு போய்ச் சேர்வது.

கம்பெனி வேலையா கொஞ்ச மாசம் ஒசாகாவில் இருந்தப்ப இந்தக் கடைகள் பழக்கமாச்சு. வாசல்ல சிவப்புக் காகித விளக்கு, உள்ளே எட்டு நாற்காலி, எதிரே அடுப்பு. உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு குட்டிக் கிண்ணத்துல ஏதாவது வரும். அதுக்கு 'ஒதோஷி'ன்னு பேரு. பில்லுல அதுக்கும் காசு உண்டுங்க, ஓசின்னு நினைச்சுடாதீங்க. எனக்கு ஆச்சரியமா இருந்தது வேற ஒண்ணு. அடுப்படியில் நிற்கிற ஆளை எல்லாரும் 'மாஸ்டர்'னுதான் கூப்பிட்டாங்க. ராஜபாளையத்துல பரோட்டாக் கல்லு முன்னாடி நிற்கிறவரையும் நாம அதே பேர் சொல்லித்தானே கூப்பிடுறோம்! அப்பதான் எனக்குள்ள ஒரு கேள்வி வந்துச்சு. இந்த மாதிரிக் கடை நம்மூர்ல இருந்ததா? இருந்திருந்தா எங்கே போச்சு?

முதல்ல ஜப்பான் கதையைப் பார்த்துடுவோம்.

எடோ (இன்றைய டோக்கியோ) ஒரு காலத்தில் ஆம்பளைகளின் ஊர். 1635-ல் ஷோகன் ஒரு சட்டம் போட்டார். நாட்டில் உள்ள குறுநில மன்னர்கள் எல்லாரும் முறை வைத்து எடோவில் வந்து தங்கணும். அவங்க கூட வந்த சாமுராய்களில் பெரும்பாலானவர்கள் குடும்பத்தை ஊரிலேயே விட்டு வந்தவர்கள். அப்புறம் 1657-ல் பெரிய தீ விபத்து, எடோவின் பெரும்பகுதி சாம்பல். திரும்பக் கட்ட நாடெங்கும் இருந்து தச்சரும் கூலியாட்களும் வந்து குவிந்தார்கள். இத்தனை தனியாட்களுக்கும் யார் சமைச்சுப் போடுறது? வேகவைத்த பண்டம் விற்கும் கடைகள் முளைத்தன. இன்னொரு பக்கம் மதுக்கடைகளிலேயே நின்று குடிக்கிற பழக்கமும் வந்தது. 1596-ல் தொடங்கிய தொஷிமாயா என்ற மதுக்கடை, பின்னாளில் டோஃபுவைக் குச்சியில் குத்திச் சுட்டு, மிசோ தடவி மலிவாகக் கொடுத்து கூட்டத்தை இழுத்தது. மதுவை வாங்கின விலைக்கே விற்றுவிட்டு, காலிப் பீப்பாயை விற்று லாபம் பார்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. 1811-ல் எடுத்த கணக்கில் எடோவில் இப்படிப்பட்ட கடைகள் 1,800-க்கு மேல்.

ஆக, குடும்பத்தை விட்டு வேலைக்கு வந்த மனுஷன், அவன் பசி, அவன் தனிமை. இந்த மூணும் சேர்ந்ததுதான் இசகாயா.

சரி, நம்ம கதைக்கு வருவோம்.

சங்க இலக்கியத்தில் பட்டினப்பாலை படிச்சவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். காவிரிப்பூம்பட்டினத்தில் பறக்கிற கொடிகளை வரிசையாச் சொல்லிக்கிட்டு வரும்போது, கள் விற்கிற இடத்துக் கொடியையும் புலவர் சொல்கிறார். அந்த முற்றத்தில் மீனை வெட்டுறாங்க, இறைச்சியை அறுக்கிறாங்க, அது பொரிகிற சத்தம் கேட்குது. ஜப்பானில் சிவப்பு விளக்கு, நமக்குக் கொடி. மற்றபடி அடுப்பும் கள்ளும் ஒரே முற்றத்தில்தான். எடோ ஒரு நகரமாகிறதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே நம்மகிட்ட இது இருந்திருக்கு.

இந்த ஏற்பாடு அப்படியே நம் தாத்தாக்கள் காலம் வரை வந்தது. பனையும் தென்னையும் நிற்கிற ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுத்துவட்டாரத்தில் கள்ளுக்கடைக்குப் பஞ்சம் இருந்திருக்க முடியுமா? எங்க வீட்டுப் பெரியவங்க சொல்லக் கேட்டிருக்கேன். கடை ஓரத்தில் ஒரு பாட்டி மொச்சை, சுண்டல், கருவாடு, குடல் வறுவல் எல்லாம் வச்சு விற்பாராம். கள்ளைவிட அந்தத் தொடுகறிக்குப் போனவங்களும் உண்டாம்.

அதுக்கு முற்றுப்புள்ளி வச்சது மதுவிலக்கு. ராஜாஜி 1937-ல் சேலம் மாவட்டத்தில் தொடங்கினார். கள், சாராயக் கடை ஏலத்தில் அரசாங்கத்துக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்னு போனதால், அதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரியைக் கொண்டு வந்தார். இன்னைக்கு நாம எந்தச் சாமான் வாங்கினாலும் வரி கட்டுறோமே, அதோட ஒரு வேர் மூடின கள்ளுக்கடையில் இருக்கு! 1948 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளன்று, சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த நம்ம ரெண்டு ஊரும் அதில் சேர்ந்தது. அடுத்த வருஷமே மாகாணத்தின் முதல் மந்திரியானவர் யார் தெரியுமா? நம்ம ராஜபாளையத்துக்காரர், பி.எஸ். குமாரசாமி ராஜா. பழுத்த காந்தியவாதி. தன் வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்த மனுஷர். 1952 வரை அவர் ஆட்சி. மதுவிலக்கை ஆரம்ப வருஷங்களில் கட்டிக் காத்தது நம்மூர்க் கை.

இங்கே ஒண்ணு சொல்லணும். கள்ளுக்கடையைப் பத்தி ஏக்கமா எழுதுறது ஆம்பளைகளுக்கு சுலபம். இதை அப்பத்தாகிட்ட ஒரு தடவை கேட்டேன். அவங்க யோசிக்கவே இல்லை. "கடைய மூடுன பொறகுதான்யா சனிக்கெழம கூலி முழுசா வீடு வந்து சேந்துச்சு. ஒனக்குத் தொடுகறி வேணும்னா நான் ஆக்கித் தாரேன்" என்றார். அந்த ஒரு வரிக்கு முன்னாடி என் இசகாயா ஆராய்ச்சி எல்லாம் கொஞ்ச நேரம் வாயடைச்சு நின்னுச்சு. கள்ளுக்கடை முற்றத்தில் அவங்களுக்கு இடம் இருந்ததே இல்லை. தொடுகறி விற்ற பாட்டிக்கு மட்டும்தான் இடம். ஜப்பானிலும் இசகாயா வெகுகாலம் ஆம்பளைங்க ராஜ்ஜியம்தான். 1970, 80-களில் பெரிய சங்கிலிக் கடைகள் வந்த பிறகுதான் பெண்களும் மாணவர்களும் கூட்டம் கூட்டமா உள்ளே வந்தாங்க.

மேற்கொண்டு நடந்தது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. 1971-ல் கலைஞர் மதுவிலக்கைத் தளர்த்தினார். 1973-ல் கள்ளுக்கடையும் 1974-ல் சாராயக்கடையும் மறுபடி மூடல். 1981-ல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 1987 ஜனவரி முதல் கள், சாராயம் ரெண்டுக்கும் தடை. 2003-ல் சீமைச்சரக்குச் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கிச்சு. இத்தனை திருப்பத்திலும் பாருங்க, பாட்டில் சரக்கு ஜெயிச்சிருச்சு, பனை மரம் தோத்திருச்சு. கள்ளுக்கு இன்னைக்கும் தமிழ்நாட்டில் தடைதான். மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், கள்ளுஷாப்பில் கப்பையும் மீன்கறியும் சக்கைப்போடு போடுது. குடும்பத்தோட போய்ச் சாப்பிடுகிற ஷாப்புகளும் உண்டு. நடுவில் இருக்கிறது ஒரே மேற்குத் தொடர்ச்சி மலைதான்.

அப்போ நம்ம இசகாயா என்ன ஆச்சு? என் கணிப்பு, அது ரெண்டா உடைஞ்சது. குடி ஒரு பக்கம் போச்சு, அடுப்பு இன்னொரு பக்கம் போச்சு.

குடி போன பக்கம் பார். உள்ளே போனவன் எவ்வளவு சீக்கிரம் ஏத்திக்கிட்டு வெளியே வரலாம்னுதான் பார்ப்பான். பிளாஸ்டிக் டம்ளர், தண்ணி பாக்கெட், ஒரு ஊறுகாய். யாராவது தெரிஞ்சவன் பார்த்துடுவானோன்னு ஒரு பயம் வேற. 'இருந்து குடிக்கிற' அந்த 'இருப்பு' அங்கே கிடையாது.

அடுப்பு போன பக்கம்தான் பரோட்டாக் கடை. இதிலே எடோ கதையே திரும்ப நடந்த மாதிரி எனக்குத் தோணும். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். பிறகு மில் மேல மில் வந்தது. ஷிப்ட் வேலை வந்தது. ராத்திரி ஷிப்ட் முடிச்சு வர்றவனுக்கும் போறவனுக்கும் சூடா எதாவது வேணும்ல? எடோ தச்சனுக்கு வந்த அதே பசி. பஞ்சு மார்க்கெட் பக்கமோ காந்தி சிலை ரவுண்டானா பக்கமோ பொழுது சாஞ்சு நடந்து பாருங்க. தோசைக் கரண்டி கல்லுல தட்டுற தாளம், கொத்துப் பரோட்டா சத்தம், சால்னா வாடை. விருதுநகர்ப் பக்கத்துக்கே உரிய எண்ணெய்ப் பரோட்டா மொறுமொறுன்னு இலைக்கு வரும். பட்டினப்பாலை முற்றத்தில் கேட்ட அந்தப் பொரிகிற சத்தம் இங்கேதான் மிச்சம் இருக்கு.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூர் போனா கணக்கே வேற. ஆண்டாள் ஊர். ரத வீதிகளில் சாயங்காலக் கூட்டம் டீக்கடையையும் பால்கோவாக் கடையையும்தான் சுத்தி நிற்கும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின பால்கோவாவை ஐம்பது கிராம் இலைத்துண்டில் வாங்கி வழிச்சுத் தின்னுகிட்டே பேசுறவங்களைப் பாருங்க. அதில் பெண்களும் பிள்ளைகளும் உண்டு. அப்பத்தா இருந்தா இந்தக் கடைக்குத்தான் ஓட்டுப் போட்டிருப்பாங்க.

அதனால, "நம்மூர்லயும் இசகாயா வரணும்"னு நான் கேட்கப் போறதில்லை. கள்ளுக்கடை திறக்கணுமா வேண்டாமான்னு பனையேறிகளும் விவசாயிகளும் கேட்கிற கேள்வி பெரிசு, அதுக்குத் தனியாவே எழுதணும். எனக்கு இப்ப இருக்கிற கவலை சின்னது. பரோட்டாக் கடையிலும் பார்சல் கூட்டம் கூடிக்கிட்டே போகுது. பெஞ்சு குறையுது. வீட்டு வாசலுக்கே சாப்பாடு கொண்டு வந்து தர போன் ஒண்ணு போதும். மதுவிலக்குச் சட்டம் வந்தும் பிழைச்ச அந்த 'இருப்பு', பார்சல் கவரில் போயிடக் கூடாதுன்னு தோணுது.

அடுத்த தடவை பார்சல் வேண்டாம். உட்கார்ந்து சாப்பிடுங்க. முடிஞ்சா வீட்டுப் பெண்களையும் கூட்டிட்டுப் போங்க. மாஸ்டர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க. உங்க ஊர்ல பழைய கள்ளுக்கடைத் தொடுகறி நினைவு இருக்கிற பெரியவங்க யாராவது இருந்தா, அவங்க கைப்பக்குவத்தையும் கேட்டு எழுதி வைங்க. முக்கியமா, அந்தக் காலத்துப் பாட்டிமார்கிட்ட கேளுங்க. அவங்க சொல்ற வரலாறு வேற மாதிரி இருக்கும்.